பத்துமலை மொட்டை

"என் பேரு சேதுபதி. வயசு இருபத்திமூணு. இருக்கறது மலாயா, மலாக்கா, காஜா பெராங்."

டைப் அடித்துக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்தின் விரல்கள் நின்றன.

"ஏண்டா, இது அம்மாவுக்குப் போடற கடுதாசியா, போலீசுக்குக் குடுக்கற வாக்குமூலமா? பெத்தவளுக்கு உன் பேரும் வயசும் தெரியாதா?"

"அம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே அண்ணே. யாரோ ஒருத்தங்கதானே படிச்சுக் காட்டி, பதிலும் எழுதறாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்ல. அடிங்க."

"அஞ்சு வருசமா போடறோம். இன்னைக்குத்தான் தெரியணுமாக்கும்."

காஜா பெராங்கில் தமிழ் டைப்ரைட்டர் வைத்திருந்தவர் தையற்கடை மாணிக்கவாசகம் ஒருவர்தான். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் புல் வெட்டும் சேதுபதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அடிப்பதும், ஊரிலிருந்து வரும் பதிலைப் படித்துக் காட்டுவதும் அவர்தான்.

"அது சரி, மொட்டை போட்டே. மீசையை எதுக்குடா எடுத்தே? உஜோங் பாசிர் கடற்கரையில பிடிச்ச கெளுத்தி மீனுக்கு மீசையைப் பிடுங்கின மாதிரி இருக்கே!"

சேதுபதி தலையைத் தடவிக்கொண்டான்.

"அடிங்க அண்ணே. போன கடுதாசியில சொன்னபடியே தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனேன். லோரியில நாப்பது பேர், நின்னுக்கிட்டே போனோம்."

"ஆமா, ஆமா. மார்கழியில வந்ததுல அம்மா சொல்லியிருந்தாங்களே. 'ஒரு தடவை அந்த மலையை ஏறிப் பாருப்பா, மனசு லேசாகும்'னு. நான்தானே படிச்சேன். லேசாச்சா?"

"அடிங்க அண்ணே. படியில கால் வைக்க இடமில்லே. முன்னால போறவரு காவடியோட மயிலிறகு மூஞ்சியில இடிக்குது. பின்னால பால்குடத்தோட ஒரு அம்மா, 'நகருப்பா, நகருப்பா'ன்னு முதுகுல குத்துது. நாம ஏறவே வேண்டாம், கூட்டமே ஏத்தி விட்டுடுது. பாதிப் படியில நம்ம தெரு தியாகுவைப் பார்த்தேன்."

"யாரு தியாகு?"

"எங்க தெருக்காரன்தான். பேராக்குல ரப்பர் தோட்டத்துல இருக்கான். ஊருக்குப் போயிட்டு இப்பத்தான் கப்பல்ல வந்து இறங்கியிருக்கான்."

"அட! அப்போ ஊர்ச் சேதி பூரா கிடைச்சிருக்குமே. என்ன சொன்னான்?"

"நாலு வார்த்தைதான். அதுக்குள்ள கூட்டம் தள்ளிடுச்சு."

"நல்ல ஆளுப்பா நீ! அஞ்சு வருசம் கழிச்சு ஊர்க்காரனைப் பார்த்துட்டு நாலே வார்த்தை!"

"அப்புறம் மேல போனேனா, கீழ வந்தேனான்னே ஞாபகம் இல்லேண்ணே... அய்யோ, அதை அடிச்சிடாதீங்க. மேல போய் நல்லாக் கும்பிட்டேன்னு போடுங்க. ஆத்தங்கரையில மொட்டை போட்டு முழுகினேன்னு போடுங்க."

மாணிக்கவாசகம் அடித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஆகஸ்டுல மலாயாவுக்குச் சுதந்திரம்ங்கறாங்க. அதுக்கப்புறம் போக வர என்ன சட்டம் வருமோ யாரு கண்டா. இப்பவே ஒரு நடை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வந்துடு. 'சித்திரையில வரேன்'னு அடிக்கட்டா?"

"வேணாம். வரலைன்னு அடிங்க."

"என்னடா இது! போன மாசம் வரைக்கும் கப்பல் எப்போ, கப்பல் எப்போன்னு என் உசிரை எடுத்தியே!"

"வரலைண்ணே."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்குப் பதில் வரும்லண்ணே?"

"என்னைக்கு வராம இருந்திருக்கு? 'மழையில நனையாதே. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி. யார்கிட்டயும் வாய் குடுக்காதே.' எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"இந்தத் தடவைதான் பயமா இருக்கு. கண்டிப்பா வரணும். அதுவும் நின்னுபோச்சுன்னா எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லேண்ணே."

"பைத்தியக்காரா! பெத்தவ பதில் போடாம இருப்பாளா? சரி, 'நலம், நலமறிய ஆவல்'னு போட்டு முடிச்சிடவா?"

"இருங்க. படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி இருக்கு."

"அவங்களுக்கு என்னடா?"

"அடிங்க. இதைப் படிக்கறவங்க ஆம்பளையா பொம்பளையான்னுகூட எனக்குத் தெரியாது. எங்கம்மா போன புரட்டாசி மாசமே தவறிட்டாங்கன்னு தியாகு சொல்லிட்டான்."

டைப்ரைட்டர் நின்றது. மாணிக்கவாசகம் அவன் மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிங்க அண்ணே. 'எம்புள்ள அங்க தனியாக் கிடக்கான், சொல்லிடாதீங்க'ன்னு அம்மாதான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டாங்களாம். ஐப்பசியில இருந்து வந்த மூணு கடுதாசியும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டின நீங்களே எழுதினதுதான். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க, அடுத்த மாசமும் அம்மா பேர்லயே பதில் போடுங்க."