மரத்துப்போகும்வரை
பல் மருத்துவரின் அறைக்கதவு பாதி திறந்திருக்கிறது. அடுத்தது என் முறை. உள்ளே சாய்வு நாற்காலியில் தையற்கடை பாய். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருக்கிறார். ஊசி போட்டாயிற்று. ஈறு மரத்துப்போகும்வரை இருவருக்கும் வேறு வேலையில்லை. கடவுளைப் பேச்சில் இழுத்துவிடுகிறார்கள். எனக்கோ பல்வலியில் உயிர் போகிறது. இருந்தாலும் காது அங்கேதான் இருக்கிறது. "இருக்காருன்னு எதை வச்சு சொல்றீங்க, பாய்?" என்கிறார் நம்பிக்கையில்லாத டாக்டர். "குர்ஆன்ல இருக்கே." "அது உண்மையான்னுதானே கேக்கறேன்?" "அதை விட்டுட்டு நான் எதை வச்சுப் பேசறது, டாக்டர்?" முகக்கவசத்துக்கு மேலே டாக்டரின் புருவம் ஏறி நிற்கிறது. பாயின் உதடு ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்குகிறது. "நீங்க மட்டும் இல்லேன்னு எப்படி..." என்று அவர் எடுத்த கேள்வி குழறிப் பாதியில் நின்றுவிடுகிறது. "அடடா, அதை மறந்துடாதீங்க. அப்புறம் கேளுங்க" என்று டாக்டர் நிஜமாகவே வருத்தப்படுகிறார். விளக்கொளியில் குறடு மின்னுகிறது. பாய் கண்களை மூடுகிறார்; உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைகிறது. டாக்டரின் கை அந்தரத்தில் நிற்கிறது. எங்கோ குழாய் சொட்டுகிறது. அந்த உதடு ஓயும்வரை அவர் அசையவேயில்லை. பிறகு கேட்கிறார், குரலில் வாதம் எதுவும் இல்லாமல்: "என்ன வேண்டிக்கிட்டீங்க?" பாய் பாதி வாயால், சொல் சொல்லாகச் சொல்கிறார். "உங்க கை நடுங்கக் கூடாதுன்னு." டாக்டர் தன் கையையே பார்க்கிறார்.