ஐம்பத்து மூன்று

“வயசு அம்பத்தஞ்சைத் தொடலை, அதனால ரெண்டாவது ஸ்டேஜ்தான்மா. தொட்டிருந்தா இதே நோய்க்கு நாலாவதுன்னு போட்டிருப்போம்” என்றார் டாக்டர்.

தைராய்டில் வந்த புற்றுநோய் நுரையீரல் வரைக்கும் போயிருக்கிறது. ஸ்கேன் படத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. ஆனாலும் இரண்டுதானாம். எல்லாம் என் வயது செய்த புண்ணியம்.

திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஐம்பத்து மூன்று என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து நாற்காலியில் என் கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். போன மாதம்தான் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று நினைத்தேன். வெளியே போனதும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டு, ரெண்டுதான், ரெண்டுதான் என்று கத்தப்போகிறார்.

எனக்கு ஐம்பத்தேழு.

கல்யாணம் பேசும்போது அம்மா நாலு வருடத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டாள். மாப்பிள்ளையைவிடப் பெண் இரண்டு வயது மூத்தவள் என்று தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயம். பிறகு அடையாள அட்டை எடுத்தபோதும் அதே பொய்த் தேதிதான் ஏறியது. அம்மா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சொன்ன பொய்க்கு முப்பது வருடமாகக் காவல் காப்பது நான்.

மூன்று வீடு மாறியும் பள்ளிச் சான்றிதழை ஒளித்தே வைத்திருக்கிறேன். பழைய தோழிகள் ஒருத்தியையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. மாதவிலக்கு நின்றபோது, இவ்வளவு சீக்கிரமா என்று கேட்ட லேடி டாக்டரிடம் வேலை அலைச்சல் என்று புளுகினேன். ஐம்பதாவது பிறந்தநாள் என்று இவர் கேக் வாங்கி வந்த அன்றைக்கு எனக்கு ஐம்பத்து நாலு. மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு மூட்டு வலிக்கு மாத்திரை போட்டேன். எதற்கெடுத்தாலும், உனக்கென்ன, நீ சின்னப் பொண்ணு என்று ஒரு கேலி வேறு. ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தொலைப்பேன்.

சட்டை தைக்கும் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒரு தையல் பிசகினாலும் மொத்தப் பண்டலையும் திருப்பி அனுப்புவேன். இங்கே என் உடம்புக்கே தப்பான லேபிள் ஒட்டியிருக்கிறது, எனக்கு வாயைத் திறக்க வரவில்லை.

டாக்டர் அடுத்த ஆறு மாதத்துக்கான சிகிச்சையைத் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு தீவிரமாக இறங்குவது என்று முடிவு செய்ய இந்த ஸ்டேஜையும் பார்ப்பார்களாம். சொல்லாவிட்டால், ஐம்பத்து மூன்று வயதான யாரோ ஒருத்திக்கு எழுதிய வைத்தியம் எனக்கு நடக்கும். சொன்னால் இரண்டு நாலாகும். அதோடு, முப்பது வருடம் ஏமாற்றியவள் என்று இவர் முன்னால் கூனிக் குறுகி உட்காரவேண்டும். நோயைக்கூடச் சகித்துக்கொள்வேன், இது என்னால் முடியாது.

அம்மா மேல் கோபம். கண்ணெதிரே ஆள் உட்கார்ந்திருக்க அட்டையை நம்புகிற அந்தக் கம்ப்யூட்டர் மேல் கோபம். எல்லாரையும்விட, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிற இந்த மனுஷன் மேல்தான் அதிகம். ஒருத்தர் பெண்டாட்டியை இவ்வளவா நம்பித் தொலைப்பார்?

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“டாக்டர், அட்டைல இவ வயசு தப்பா இருக்கு. நாலு வருஷம் கூட்டிக்குங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் இரண்டை அழித்துவிட்டு நாலு என்று போட்டார். பிறகு கொஞ்சம் எரிச்சலோடு இவர் பக்கம் திரும்பி, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா, உங்களுக்கே இப்போதுதான் தெரிய வந்ததா என்று கேட்டார்.

“இல்ல டாக்டர், கல்யாணத்துக்கு முந்தின வாரமே தெரியும்” என்றார் என் கணவர்.