என்ன கொழம்பு?

இளவரசுவின் குடியுரிமை நேர்காணலில் மனைவி பூங்கோதையையும் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள். இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போனால்தான், இரண்டு வருடமாகப் பரிசீலனையில் கிடக்கும் அவளுடைய வசிப்பு அனுமதியும் நகரும்.

பயிற்சிக்கென்று குடியேற்ற அலுவலகமே ஆளுக்கொரு கருவி கொடுத்திருந்தது. கல்யாணமாகி அவள் ஊரிலும் அவன் இந்த வெளிநாட்டிலுமாக இருந்த முதல் வருடத்தில் தொலைபேசியில் பேசியதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்ட கருவிகள். அவளிடம் அவன் குரல், அவனிடம் அவள் குரல்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றுதான் அவளிடமிருந்த கருவி தினமும் ஆரம்பிக்கும்.

"வத்தக் கொழம்புங்க."

"அப்பளம் பொரிச்சியா?"

அவள் சிரிப்பாள். நிஜ இளவரசு கம்பெனியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அவனும் தன் கருவியோடு பேசிச் சிரிப்பது கேட்கும்.

நேர்காணலில் அதிகாரி கேட்டார்: "வேலை முடிந்து வந்ததும் உங்கள் கணவர் முதலில் என்ன கேட்பார்?"

"என்ன கொழம்புன்னு கேப்பாருங்க."

மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த அறையில் அவனும் அதையே சொல்லியிருந்தான்.

"நல்ல தம்பதி," என்றார் அதிகாரி. "இனிமேல் கருவிகள் தேவையில்லை." இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இளவரசு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே சிரிப்பில்லை.

பூங்கோதை அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"வத்தக் கொழம்புங்க," என்றாள்.