கேசட்டில் ஏறாத பாட்டு

“அக்கா, சவுண்டைக் குறைங்க. பக்கத்து ரூம்ல கம்ப்ளெயின்ட் பண்றாங்க” என்றாள் நர்ஸ்.

“அவங்களுக்குக் கேட்டு என்னம்மா பிரயோஜனம்? இவருக்கில்ல கேட்கணும்!” என்ற அந்த அம்மாள், குறைப்பதற்குப் பதில் இரண்டு புள்ளி ஏற்றினாள்.

கட்டிலில் அவள் கணவர். கடை வாசலில் ஸ்பீக்கர் மாட்ட ஏணியில் ஏறியவர், தலைகுப்புற விழுந்து இன்றோடு இருபத்தொரு நாள். மூச்சு சீராக வந்து போனது. கண் மட்டும் திறக்கவில்லை.

தலையணை ஓரத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு ஸ்பீக்கர். விசிலோடு ஆரம்பிக்கும் குஷியான ஜோடிப் பாட்டு ஒன்று அதில் முடிந்து, மறுபடி விசிலில் ஆரம்பித்தது. காலையிலிருந்து அதே பாட்டுதான்.

நர்ஸின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. “சாருக்கு உயிரான பாட்டாக்கா?”

“இதை எங்க போட்டாலும் மனுஷனால ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க முடியாதும்மா.”

டாக்டர் உள்ளே வந்தார். விழிகளைப் பிரித்து டார்ச் அடித்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“பாட்டு போடுங்கன்னு சொன்னதே நான்தான்மா. ஆனா மூணு வாரம் ஓடிப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள சின்னதா ஒரு அசைவாவது வரணும். இல்லைன்னா ஹோமுக்கு மாத்திடறதுதான் நல்லது. அங்க படுக்க வெச்சுப் பார்த்துக்குவாங்க.”

‘படுக்க வெச்சு’ என்ற வார்த்தையில் அவள் முகம் இறுகியது. டாக்டர் போனதும், அன்று காலைதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்த நாத்தனார் ஒரு தாளை நீட்டினாள்.

“ஹோம் ஃபாரம். எல்லாம் நிரப்பிட்டேன். கையெழுத்து மட்டும் போடு.”

“மாட்டேன் அண்ணி.”

“முப்பது வருஷமா பாட்டு பாட்டுன்னே கிடந்தான். இப்பவாவது அவனை நிம்மதியா விடேன்!”

“இருபது நாள் நிம்மதியாத்தான் விட்டேன். அலமாரியில இருந்த மெலடி அத்தனையும் போட்டேன். குறட்டை ஒண்ணுதான் பாக்கி, அப்படித் தூங்கினார்.”

“அதுக்காக? தலையில அடிபட்டவன் காதுல விசிலடிப்பியா? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். அந்தப் பேனாவை மூடி உள்ள வைங்க.”

வாசலில் யாரோ செருமினார்கள். கையில் ஆரஞ்சுப் பையோடு ஒரு லாரி டிரைவர். கணவரின் கடை கேசட் பதிவு செய்து கொடுத்த நாளிலிருந்தே வாடிக்கையாளர். பாட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இந்தப் பாட்டா! தங்கச்சி, இதுக்காக உன் வீட்டுக்காரர்கிட்ட நான் நாலு தடவை லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கேன். எல்லாப் பாட்டும் பதிஞ்சு தருவார், இது மட்டும் இருக்காது. கேட்டா, ‘டேப்புல இடம் பத்தலைண்ணே’ம்பார். கிராதகன்! இதை யாருக்கும் கொடுக்காம தனக்குன்னே பத்திரமா வெச்சுக்கிட்டான் பாரு!”

அவள் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழாதம்மா. எழுந்துடுவான்” என்று டிரைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் நாலரையைக் காட்டியபோது நாத்தனாரின் பொறுமை தீர்ந்தது. விறுவிறுவென்று வந்து ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினாள். அந்த அம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“கையை எடுங்க அண்ணி. வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்னைக்குப் பேசறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, எத்தனை டாக்டர் வந்தாலும் சரி, இந்தப் பாட்டு நிக்காது!”

“உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு!”

“இருக்கட்டும். பைத்தியக்காரி கையெழுத்து செல்லாது, ஃபாரத்தைக் கிழிச்சுப் போடுங்க!”

நாத்தனார் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் பார்வை கட்டிலில் நிலைகுத்தியிருந்தது.

கணவரின் வலது கை, போர்வையைக் கசக்கிப் பிடித்தது.

“டாக்டர்!” என்று அலறிக்கொண்டு ஓடினாள் நர்ஸ். டாக்டர் வருவதற்குள் புருவம் நெரிந்தது, தலை இப்படியும் அப்படியும் புரண்டது. விசில் வரும் இடத்தில் உடம்பே ஒரு முறை தூக்கிப் போட்டது.

“என் தம்பி உசிரே இந்தப் பாட்டுலதான்டி இருந்திருக்கு!” என்று நாத்தனார் ஒரேயடியாகக் கட்சி மாறிக் கதறினாள்.

“நான் சொல்லல?” என்றார் டிரைவர்.

இமைகள் மெல்லப் பிரிந்தன. காய்ந்த உதடுகள் அசைந்தன. டாக்டர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“சொல்லுங்க சார். என்ன வேணும்? மெதுவா சொல்லுங்க.”

“அந்தக்... கண்றாவிப் பாட்டை... நிறுத்தித் தொலைங்கய்யா.”

டாக்டர் நிமிர்ந்தார். டிரைவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் டிரைவரைப் பார்த்தாள்.

கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, அந்த அம்மாள் சவுண்டைக் கடைசிப் புள்ளி வரை ஏற்றினாள்.

“முடிஞ்சா நீங்களே எழுந்து வந்து நிறுத்துங்க!”