சாமந்தி தேறும்வரை

மாப்பிள்ளை வருவதற்குள் மீன்தொட்டி விளக்கை அணைத்தாக வேண்டும்.

வீடு ஐந்தாம் மாடியில். நானோ மூன்றாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், கட்டடத்து லிஃப்ட் நின்றால் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். இன்றைக்கும் ஒரு கை பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். லிஃப்டும் சரியாகவில்லை, நேரமும் போய்விட்டது.

அந்த விளக்கில்தான் இப்போது என் மகளின் குடித்தனம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் எங்களுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. நான் சிரித்தால் தெரிகிற மேல்வரிசை முழுக்க அவர் கையால் செய்தது. ஒருநாள் அவரும் மகளும் சேர்ந்து வந்து, தங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரிந்துவிடுகிறோம் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவில் பேசப் போய் இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவர் போனார். மிச்சம் இருந்தது கூடத்திலுள்ள உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் பாறையைப் பற்றிக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. பார்த்தால் பூ, ஆனால் உயிர்ப்பிராணி. விரல் விரலாய் நீட்டிக்கொண்டு ஆடும். ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டு அதன் மடியிலேயே கிடக்கும். மாப்பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அதற்கு என் மகள் வைத்த பெயர் சக்களத்தி.

தொட்டியை எடுத்துப் போக வந்த அன்று, பாறையிலிருந்து அதைப் பெயர்க்கப் போய் அடிப்பக்கம் கிழிந்துவிட்டது. அத்தனை பெரியது சுருங்கி, வெளிறி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இப்போது அசைத்தால் செத்துவிடும், தேறியதும் தொட்டியோடு எடுத்துக்கொள்கிறேன் என்றார் மாப்பிள்ளை.

எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவர் இந்த வாசலை மிதிக்க வேறு காரணமே இல்லை.

அதுவரை தினமும் வேலை முடிந்து வருகிறார். உப்பு அளந்து பார்ப்பார், ஒரு வாளி தண்ணீர் மாற்றுவார், போய்விடுவார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மகள், அவர் வரும் நேரத்துக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதலில் நானும் அது பிழைத்தால் போதும் என்றுதான் தவித்தேன். வாடிக் கிடக்கிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு இறால் துண்டை ஊட்டிவிட்டேன். மறுநாள் அதை அப்படியே கக்கிவிட்டு இன்னும் சுருண்டுகொண்டது. என் மனம் நோகாமல் மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தார். தொடக் கூடாது, ஊட்டக் கூடாது, தண்ணீரைச் சீராக வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கே தெரியும்.

போன வாரம் ஒரு மதியம் பார்க்கிறேன், தட்டு அளவுக்கு விரிந்து நிற்கிறது. மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டிருந்த மீன்கள் இரண்டும் உள்ளே புகுந்து புரண்டன. வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நொடியே உறைத்தது, இது தேறிவிட்டால் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவாரே.

எழுந்து போய் விளக்கை அணைத்தேன். வெளிச்சம் போனால் அது சுருங்கிவிடும் என்பதும் மாப்பிள்ளை சொல்லித் தெரிந்ததுதான்.

அன்றிலிருந்து இதே வேலை. அதன் பங்கு வெளிச்சத்தில் நான் கை வைக்கவில்லை, பாவம். காலையில் சீக்கிரமே விளக்கைப் போட்டுவிடுகிறேன். அவர் வருவதற்கு வெகுநேரம் முன்பே அணைத்துவிடுகிறேன். அவர் வரும்போது அது கூம்பிக் கிடக்கும்.

இன்றைக்கு என் குட்டு உடையப் போகிறது.

மிச்ச இரண்டு மாடியும் ஏறி வந்து கதவைத் திறந்தேன். கூடம் இருட்டாக இருந்தது.

கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், மின்விசிறி ஓடுகிறது. தொட்டியின் பம்பும் ஓடுகிறது. விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. சாமந்தி கைப்பிடி அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் அணைத்து நேரமாகியிருக்க வேண்டும்.

ஜன்னல் திரைச்சீலையும் இழுத்து விட்டிருந்தது. சாயங்கால வெயில் தொட்டிமேல் விழுமே என்ற யோசனை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டில் இருப்பது நானும் மகளும் அந்த இரண்டு மீன்களும். மீன்களுக்குச் சுவிட்ச் எட்டாது.

சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்தேன். தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் வாசல் மணி அடித்தது.

ஐந்து மாடியும் ஏறி வந்த வியர்வையோடு மாப்பிள்ளை தொட்டியருகே குனிந்தார். திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கினார். வெயில் விழுந்ததும் எனக்கே தெரிந்தது. வெளிறல் போய்ப் பழைய பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. பிளந்த வாய் மூடியிருந்தது. அடிப்பக்கம் பாறையை இறுக்கிப் பிடித்திருந்தது.

பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். இத்தனை நாளாக இது அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

அவர் திரைச்சீலையைப் பழையபடியே இழுத்து மூடினார்.

“இன்னும் தேறல, மாமா.”

பக்கத்தில் நிற்கிற எனக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

“அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்கப்பா.”

அது அவருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.