ஸ்பாய்லரின் இடது ஓரம்

“மணி ஒன்பதரைகூட ஆகல. பல் டாக்டர் வண்டி வாசல்ல நிக்குது” என்றாள் அக்கா, ஷட்டரைப் பாதி தூக்கியபடி. “அதே ஸ்பாய்லர். அதே இடது ஓரம்.”

டாக்டர் கொடுத்துவிட்டுப் போன கார் சாவியை அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு தங்கை வெளியே ஓடினாள். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

கடை இருவருடையது. கார்களுக்குப் பாலிஷ் போட்டு, மேலே கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பூச்சு பூசுவது தொழில். அக்கா ஆட்களைப் பார்த்துக்கொள்வாள். தங்கை வண்டிகளைப் பார்த்துக்கொள்வாள்.

டாக்டருடைய காரின் டிக்கி மேல் கறுப்பு கார்பன் ஃபைபரில் இறக்கைபோல ஒரு ஸ்பாய்லர். உள்ளே இழைகள் பாய்போலப் பின்னிக் கிடக்கும். வெளிச்சம் பட்டால் பின்னல் அசைவதுபோல் இருக்கும். இப்போது இடது ஓரத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. தண்ணீர்க் கறை.

“பூச்சு மூணு வருஷம் தாங்கும்னு போர்டு வச்சிருக்கோம். இது மாசாமாசம் வருது. நம்ம பேரு என்னடி ஆகும்?”

“பாட்டில் சரியில்லையோ என்னவோ.”

“அதே பாட்டில்தான் மத்த வண்டிக்கும். அதெல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே.”

“அவரு எங்க கொண்டுபோய் நிறுத்துறாரோ.”

“கேக்கறதுதானே. எங்க, அவரு வந்தா உனக்கு நாக்கு ஒட்டிக்குது. அவரும் ‘தேங்க்ஸ்ங்க’ன்னு சொல்லிட்டு ஓடிடறாரு. பல் டாக்டர்னு பேரு, ஒருத்தி வாயைத் திறக்க வைக்கத் தெரியல.”

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பாய்லரைக் கழுவினாள். சுற்றிலும் டேப் ஒட்டினாள். கடைசித் துண்டை ஸ்பாய்லருக்குப் பதில் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

“வண்டி அந்தப் பக்கம் இருக்கு” என்றாள் அக்கா.

கார்பன் மேலிருக்கும் வார்னிஷ் மெல்லியது. பாலிஷ் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் அது சூடாகி மங்கிவிடும். தங்கை மெஷினை மெதுவாக ஓட்டினாள். அடிக்கடி நிறுத்தி, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“உன்னைத்தான் தொட்டுப் பாக்கணும். முகமெல்லாம் செவந்து கெடக்கு.”

“வெயில்க்கா.”

“ஷெட்டுக்குள்ள ஏதுடி வெயிலு?”

திட்டு மறைந்தது. பின்னல் மேலே வந்தது. தங்கை பூச்சுப் பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பாய்லருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்குக்கா? போன் அடிக்கும், போய்ப் பாரு.”

“போன் என் மடியில இருக்கு. பாட்டில் தப்பா, துணி தப்பான்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“பூச்சு நல்லா நின்னுடுச்சுன்னா?”

“அப்புறம் என்ன, மூணு வருஷத்துக்கு அவரு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டாரு.” சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. குரலைத் தணித்தாள். “அதனாலதான் சொல்றேன். நாளைக்கு வண்டி எடுக்க வர்றப்ப யாராவது ஒருத்தர் வாயைத் திறங்க. விட்டா அவ்வளவுதான்.”

“மூணு வருஷம் கழிச்சு கல்யாணமாகி, பின் சீட்டுல குழந்தையோட வருவாரு.”

“அதுக்குப் பல்லுகூட முளைச்சிருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பூச ஆரம்பித்தாள். வலது ஓரத்திலிருந்து கோடு கோடாக வந்தாள். இடது ஓரத்தில் கை நின்றது.

“என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா.”

பூசினாள். காயவிட்டுத் துடைத்தாள். மறுபடி பூசினாள். அக்கா கண் இமைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

“உள்ள பால் பொங்குது” என்று அக்கா எழுந்து போனாள். கடையில் அடுப்பே கிடையாது.

டாக்டர் நேராக ஸ்பாய்லரிடம் போனார். குனிந்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இடது ஓரத்தில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, உருண்டு ஓடி, அவருடைய ஷூமேல் விழுந்தது. இன்னொரு தடவை ஊற்றினார். அதுவும் நிற்காமல் ஓடியது.

அவர் முகம் வாடிவிட்டது.

“சரியா வரலையா டாக்டர்?” என்றாள் தங்கை. அவரிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

“இல்லங்க. ரொம்பச் சரியா இருக்கு.”

பாட்டில் மூடியைத் திருகினார். கழற்றினார். மறுபடி திருகினார்.

“நானும் தினமும் மாடி ஏசித் தண்ணி சொட்டுற எடமாத் தேடித்தாங்க வண்டிய நிறுத்தறேன்” என்றார், ஸ்பாய்லரைப் பார்த்துக்கொண்டே. “நீங்க எப்பவும் இந்த ஓரத்தைப் பூசாமத்தானே விடுவீங்க, இந்தத் தடவ ஏன் பூசிட்டீங்க?”