தயாளினிக்கு என்ன லாபம்?

தேர்தல் அன்னைக்குக் காலையில இருந்து தயாளினி ரோட்டுல அலைஞ்ச அலைச்சலப் பார்த்து எனக்கு மண்டை குடைஞ்சது. இந்தப் பொண்ணுக்கு இதுல என்ன லாபம்?

யுத்தத்துல இந்தியாவுக்கு ஓடிப்போன குடும்பம். திரும்பி வந்து, அலுவிகாரையில என் கடைக்கு எதிர்ல தையல் மெஷின் போட்டு நாலு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள யாருக்கு ஓட்டு இருக்கு, யார் இன்னும் போகல்லன்னு ரோட்டுல உள்ள அத்தனை வீடும் இவளுக்கு மனப்பாடம். முழங்கால் வலின்னு முனகின புஷ்பவதியக்காவக்கூட த்ரீவீலர்ல ஏத்திட்டுப் போனா.

எந்தக் கட்சிக்காரன் கவனிக்கிறானோன்னு பக்கத்துக் கடை பதுர்தீன் சிரிச்சார். எனக்கும் அதே சந்தேகம்தான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

மூணரைக்கு என் கடைக்குள்ளயே வந்துட்டா. அண்ணன் முறையில என்னை 'நானா'ன்னுதான் கூப்பிடுவா.

"முஸம்மில் நானா, நாலு மணிக்கு மூடிருவாங்க. நீங்க இன்னும் போகல்ல."

நான் விடுவேனா? எவன் வந்தாலும் கடை முன்னால உள்ள சாக்கடைக் கான் நாறத்தான் செய்யும்னு அரசியல் பேச ஆரம்பிச்சேன். அவ அசையல்ல. அப்பத்தான் கவனிச்சேன். அவ விரல்ல மை இல்ல.

வந்துச்சே எனக்குக் கோபம்.

"ஊருக்குத்தான் உபதேசமா தங்கச்சி? முதல்ல நீ போட்டுட்டு வா."

அவ முகம் சுருங்கிப்போச்சு.

"எனக்கு ஓட்டு இல்ல நானா. அங்க இந்தியாவுல அகதி முகாம்ல பொறந்தவ. இந்த நாட்டுப் பிரஜைன்னு பேப்பர் இன்னும் கைக்கு வரல்ல."

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுது. அப்ப ஏன் இந்த அலைச்சல்னு கேட்டேன்.

"போன வருஷம் நம்ம ரோட்டுக்குத் தண்ணி பைப் கேட்டு ஒரு மெம்பர்கிட்டப் போனோம். உங்க ரோட்டுல எத்தனை பேர் ஓட்டுப் போடுவீங்கன்னுதான் முதல்ல கேட்டார். நான் அந்த எண்ணிக்கையில வரமாட்டேன். மத்தவங்களாவது வரணும்ல?"

கடையப் பூட்டினேன்.

ரோடு வரைக்கும் கூடவே வந்தா. கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே, ஆசையா கேட்டா.

"உள்ள எப்பிடி நானா இருக்கும்? பென்சில் தருவாங்களா, பேனையா?"

முப்பது வருஷமா ஓட்டு இருக்கு எனக்கு. அல்லாஹ் அறிய, எனக்கும் தெரியாது.